கோபுரத்தைச் சாய்க்காத கேப்டன்

சாத்தூர்ல இருந்து சிவகாசி வழியா ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ஆண்டாள் கோயில் கோபுரத்தை நீங்களும் படம் எடுத்திருப்பீங்க. 192 அடி. கிட்ட நின்னா உச்சிக் கலசம் ஃப்ரேமுக்குள்ள வராது. கேமராவை அண்ணாந்து பிடிச்சா கலசம் வந்துடும், ஆனா கோபுரம் மேலே குறுகி, பின்னாடி சாயுற மாதிரி ஆயிடும். நம்மில் பாதிப் பேர் 'அது அப்படித்தான்'னு விட்டுடுறோம். 1858-ல் மதுரைக்குக் கேமராவோட வந்த ஒருத்தர் அப்படி விடலை. அவர் பேர் லின்னேயஸ் ட்ரைப்.

1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரி. 1850களின் தொடக்கத்தில் விடுப்பில் ஊருக்குப் போனபோது புகைப்படக் கலை பழகினார். திரும்பி வந்ததும் பேலூர், ஹளேபீடு கோயில்களை எடுத்தார்; 1855-ல் மதராஸ் கண்காட்சியில் அந்தப் படங்கள் பேசப்பட்டன. அதே வருஷம் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவுடன் அனுப்பினார்கள். அடுத்து மதராஸ் மாகாணத்தின் அதிகாரபூர்வ புகைப்படக்காரர் பதவி. 1857 டிசம்பரில் கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்னு சுற்றினார்.

அவர் கேமராவை உங்க பாக்கெட்ல இருக்கிறதோட ஒப்பிடாதீங்க. நெகட்டிவே மெழுகு பூசிய காகிதம், சுமார் 12-க்கு 15 அங்குலம். என்லார்ஜ் பண்ற வசதி கிடையாது. நெகட்டிவ் எவ்வளவோ பிரிண்டும் அவ்வளவுதான். அகலக் கோண லென்ஸ் பரவலா வந்ததே 1860களில்தான். அதனால 'லென்ஸை மாத்துறேன்'னு சொல்ல அவருக்கு வழியே இல்லை. ஆனாலும் அவர் படங்களைப் பாருங்க, தூண்களும் சுவர்களும் தூக்குக்குண்டு பிடிச்ச மாதிரி நேரா நிக்கும்.

சூட்சுமம் இதுதான்: சென்சார் கட்டடத்துக்கு இணையா இருக்கிற வரைக்கும் நேர்க்கோடு நேராவே விழும். சாய்ச்சாத்தான் கூம்பும்.

இப்போ நம்ம கணக்குக்கு வாங்க. 36×24 மி.மீ. சென்சார், 24 மி.மீ. லென்ஸ், கேமராவை நெட்டுக்குத்தா பிடிச்சிருக்கீங்க. மேலிருந்து கீழ் வரை பார்வைக் கோணம் சுமார் 74 டிகிரி. ஆனா சாய்க்காம பிடிச்சா அதுல பாதி தரைக்குப் போயிடும். மீதி 37 டிகிரில 192 அடியை அடக்க சுமார் 250 அடி தள்ளி நிக்கணும். 16 மி.மீ. லென்ஸ் போட்டா 166 அடி போதும், ஆனா தரையும் வானமும் ஏகத்துக்கு வீணாகும். மூணாவது வழி, ஷிஃப்ட் லென்ஸ். 24 மி.மீ. லென்ஸையே 12 மி.மீ. மேலே நகர்த்தினா 150 அடியிலேயே வேலை முடிஞ்சது! விலையைக் கேட்டா ஹாஸ்டல் ஃபீஸ் ஞாபகம் வரும், அது வேற கதை. பெரிய பலகைக் கேமராக்களில் லென்ஸ் இருக்கிற பலகையை ஏத்தி இறக்கிச் செய்த வேலைதான் இது.

உயரமான படத்துல வானம் நிறைய வரும். அந்தக் கால நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையா விழும். ட்ரைப் நெகட்டிவ் மேலேயே தூரிகையால் மேகம் வரைஞ்சிருக்கார். எடிட்டிங் ஆப் நேத்து வந்த சங்கதி இல்லை.

ஒரு ஃப்ரேமில் அடங்காததுக்கு இன்னொரு வழியும் கண்டார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டா எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டிச் சுமார் 19 அடி நீளப் படமாக்கினார். நம்ம பனோரமா பட்டனுக்குத் தாத்தா!

பிறகு நடந்தது கொஞ்சம் வயிற்றெரிச்சல். 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெலியனுக்கு இதெல்லாம் ஆடம்பரச் செலவாகப் பட்டது. துறையை மூடச் சொல்லிவிட்டார். ட்ரைப் பட்டாளத்து வேலைக்கே திரும்பினார். அதன்பின் கேமராவைத் தொட்டது ரொம்பக் குறைவு. 1902-ல் டெவன்போர்ட்டில் இறந்தார். 2014-ல் வாஷிங்டனில் அவர் படங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தார்கள், பிறகு நியூயார்க், லண்டன். மதுரையும் தஞ்சாவூரும் அந்தச் சுவர்களில் நேராகவே நின்றன.