ஸாலமன் பிளாட்ஜே

தென்னாப்பிரிக்காவில், வைரச் சுரங்கங்களாற் பெயர்பெற்ற கிம்பர்லி நகருக்கு அணித்தாய், வால் நதிக்கரையில் பினியேல் என்னும் மிஷன் கிராமம் உளது. ஜெர்மானிய மிஷனரிமார் அங்கு நடத்திய பாடசாலையே ஸாலமன் பிளாட்ஜே பயின்ற ஒரே கல்விச்சாலை. இவர் 1876-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆந் தேதி, ஆரஞ்சு சுயேச்சை நாட்டில், த்ஸ்வானா மக்களுள் பரோலாங் குலத்திற் பிறந்தவர். உயர்தரக் கலாசாலை எதிலும் இவர் வாசித்ததில்லை. 1894-இல் கிம்பர்லித் தபால் நிலையத்திற் கடிதம் கொண்டு கொடுக்கும் வேலையில் அமர்ந்து, ஓய்ந்த வேளைகளிலே தாமே கற்று, ஏழுக்குக் குறையாத மொழிகளில் வல்லவராயினார். பின் மாபெகிங் நீதிஸ்தலத்தில் துபாஷியாகவும், அதன்பின் த்ஸ்வானா மொழிப் பத்திரிகைகளின் ஆசிரியராகவும் விளங்கினார். 1912 ஜனவரியில் சுதேசிகளின் தேசீய காங்கிரஸ் ப்ளூம்பாண்டீனில் தோன்றியபோது, அதன் முதற் காரியதரிசியாகத் தெரிந்தெடுக்கப்பட்டார்.

மறு ஆண்டு ஜூன் 19-ஆந் தேதி நிலச் சட்டம் அமலுக்கு வந்தது. ஜனத்தொகையிற் பெரும்பாலோரான சுதேசிகளுக்கு, நாட்டு நிலத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 7 பங்கே ஒதுக்கப்பட்டது. அதற்குப் புறம்பே அவர்கள் நிலம் வாங்குதலும் குத்தகைக்குப் பிடித்தலும் தடுக்கப்பட்டன. சுயேச்சை நாடென்று பெயர் கொண்ட மாகாணத்திலேதான் இதன் கொடுமை மிகுந்திருந்தது. அங்கே பல சுதேசிக் குடும்பங்கள், நம் நாட்டு வாரக்குடிகளைப்போலவே, வெள்ளையர் பண்ணைகளில் தம் சொந்த எருதுகளைப் பூட்டி உழுது, விளைவிற் பாதியை அளந்து கொடுத்து, மரியாதையாக வாழ்ந்து வந்தன. இனி அது கூடாது. பண்ணையிலே தங்க விரும்புவோர் கூலியாட்களாகித் தம் மாடுகளையும் எசமானின் வேலைக்கு விடவேண்டும். பழைய ஏற்பாட்டின்படி குடிவைத்துக்கொள்ளும் பண்ணைக்காரருக்கு 100 பவுன் அபராதம், அல்லது ஆறு மாதச் சிறை. இசையாத குடிகள் மூட்டை முடிச்சுகளோடும் கால்நடைகளோடும் வெளியேறினர். நேட்டாலில் நம் தமிழ்த் தொழிலாளர் மூன்று பவுன் வரியை எதிர்த்து வேலை நிறுத்தியதும் அதே 1913-ஆம் ஆண்டிலேதான்.

பிறர் கூறக் கேட்டதோடு அமையாமல், நேரிற் கண்டறிய வேண்டுமென்று பிளாட்ஜே புறப்பட்டார். ஜூலை முதல் வாரத்தில் ரெயிலேறி, டிரான்ஸ்வாலைச் சேர்ந்த ப்ளூம்ஹாப் வரை சென்று, அங்கிருந்து சைக்கிளிலே வால் நதிக்கு அப்பாலுள்ள பண்ணைப் பிரதேசத்தினுட் புகுந்தார். தென்கோளமாதலால் அங்கே ஜூலை கடுங்குளிர் காலம். ரெயில் எட்டாத பண்ணைப் பாதைகளுக்குச் சைக்கிளே ஏற்ற வாகனம். எதிர்ப்படும் மாட்டு வண்டியின் அருகில் இறங்கி நின்று, அதன் குடும்பத்தாரோடு பேசவும் அதனால் இயன்றது. வாடைக் காற்றில் குழந்தைகளை அணைத்து நடுங்கும் தாய்மாரையும், மேய்ச்சலின்றி மெலிந்த மந்தைகளையும், வழியிலே ஈன்ற ஆடுகளின் கைவிடப்பட்ட குட்டிகளைப் பற்றிய செய்தியையும் அவர் எழுதி வைத்தார். ஒரு குடும்பத்தின் நோயுற்ற குழந்தை பிரயாணத்திலேயே இறந்தது. அதைப் புதைக்க அவர்களுக்கு உரிமையான ஒரு முழ நிலமும் இல்லை. நிலத்துக்குடையவன் கண்டுவிடுவானோ என்றஞ்சி, இரவின் இருளிற் குழி தோண்டி அடக்கஞ்செய்து அகன்றனர்.

பிளாட்ஜே அச்சுத்தொழிலின்மேற் கொண்ட பற்றினால், கூடன்பர்க்கின் பெயரையே தம் இளம் புதல்வனுக்கு இட்டிருந்தார். அக்குழந்தை 1914 ஜனவரியில் இறந்தது. அவ்வாண்டிலேயே முறையிடும்பொருட்டு ஐவர் தூதுக்குழுவில் ஒருவராய் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது, பிரயாணத்தில் தம் பெருநூலை எழுதத் தொடங்கினார். ஆதலின் வழியோரத்துக் கல்லறையைப் பற்றி எழுதிய அக்கை, மகவை இழந்த ஒரு தந்தையின் கையே. குடியேற்ற நாட்டு மந்திரி தலையிட மறுத்தார். ஐரோப்பிய யுத்தம் மூண்டது. ஏனை நால்வரும் திரும்பினர். இவர் மட்டும் 1917 வரை லண்டனில் வறுமையோடு தங்கி, சபைதோறும் பேசி, 1916-இல் நூலை வெளியிட்டார். 1919-இல் மீண்டும் சென்று பிரதம மந்திரி லாயிட் ஜார்ஜையே நேரிற் கண்டார். அவர் இரக்கத்தோடு கேட்டாராயினும் பயன் விளையவில்லை. லண்டன் அரசாங்கத்தின்மேல் பிளாட்ஜே வைத்த நம்பிக்கை அளவிறந்ததென்றே நமக்குத் தோன்றுகிறது; ஆனால் அன்று அவருக்கு வேறு எந்த வாயில் திறந்திருந்தது? 1921-இல், அவர் கடல் கடந்திருக்கையிலேயே, அவருடைய மகளும் காலமானாள்.

1923-இல் ஊர் திரும்பியபின், அமெரிக்காவிலிருந்து கொணர்ந்த சலனப்பட யந்திரத்தைச் சுமந்து ஊரூராய்ச் சென்று, அங்குள்ள நீக்ரோக் கல்விச்சாலையின் காட்சிகளைக் காட்டினார். தாய்மொழியில் பழமொழிகளைத் தொகுத்தார். ஷேக்ஸ்பியர் நாடகங்களை மொழிபெயர்த்தார். அவர் இயற்றிய மூடி என்னும் ஆங்கில நாவல் 1930-இல் லவ்டேல் மிஷன் அச்சகத்தில் வெளிவந்தது.

1932-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆந் தேதி, நிலச் சட்டம் அமலுக்கு வந்து பத்தொன்பது ஆண்டு நிறைந்த அதே நாளில், ஜோஹன்னஸ்பர்க்கில் கபவாத சுரத்தால் உயிர் நீத்தார். உடல் கிம்பர்லியில் அடக்கஞ்செய்யப்பட்டது. ஜூலியஸ் சீஸரின் மொழிபெயர்ப்பு 1937-இல் அச்சேறிற்று. சட்டம் 1991 வரை நீக்கப்படவில்லை.