ஏணஸ்ற் மாக்

மாக் எண் என்னும் அளவைப் பௌதிக வகுப்பிற் பயின்ற நம்மவர் பலர். அப்பெயருக்குரியார் பள்ளிக் கல்வியின் பொருட்டு உழைத்தமையை அறிந்தார் சிலரே.

1838 ஆம் ஆண்டு மொறேவியாவிற் பிறந்த இவரை ஒன்பதாம் வயதளவில் ஒரு மடாலயப் பள்ளியிற் சேர்த்தனர். இவருக்குக் கல்வி வாராதென அங்குள்ள துறவிகள் தீர்ப்பளித்துவிட்டனர். தந்தையாரே வீட்டிற் கற்பித்தார். மைந்தர் தச்சுத் தொழிலும் பழகினார். அத்தீர்ப்பு நிலைத்திருப்பின் உலகம் ஒரு நல்ல தச்சரைப் பெற்றிருக்கும்.

1867 முதல் 28 ஆண்டுகள் பிராக் நகரிற் பௌதிகப் பேராசிரியராய் விளங்கினார். 1883 இல் வெளிவந்த அவருடைய இயக்கவியல் நூல், நெம்புகோல் விதி முதலியவற்றை முடிந்த முடிபுகளாய் உரையாது, அவை எத்துணை ஐயங்களிடையே உருவாயின என்று காட்டியது. நியூற்றனின் தனிவெளி, தனிக்காலம் என்பனவற்றையும் அது வினாவுக்குட்படுத்தியது. இளமையில் அதனைப் பயின்ற ஐன்ஸ்ரைன் தாம் பெற்ற பயனைப் பின்னர் மறவாது குறிப்பிட்டார். பாடப்பொருளைக் குறைத்து, சிலவற்றை ஆழக் கற்பிக்க வேண்டுமென்பது மாக்கின் கொள்கை. பாடத்திட்டம் வகுப்போர் அதனை இன்றும் செவிமடுத்ததாய் நாம் காணோம். 1887 இல் பௌதிக இரசாயனக் கற்பித்தலுக்கெனத் தோன்றிய சஞ்சிகையிலும் அவர் பங்குகொண்டார்.

அணுக்கொள்கையை மாத்திரம் அவர் நெடுங்காலம் ஏற்றாரல்லர். அவ்விடத்தில் அவர் பிழைத்தார் என்பதை நாம் மறைத்தல் தகாது.

1898 இல் பக்கவாதத்தால் வலப்புறம் செயலிழந்தது. 1901 இல் வியன்னாப் பேராசிரியப் பதவியைத் துறந்தார். எனினும் எழுத்துப்பணி ஓயவில்லை. 1905 இல் வெளிவந்த நூலுக்கு அறிவும் பிழையும் எனப் பெயரிட்டார். 1916 இல் மியூனிச் நகரருகே காலமானார்.