சொல் தேடிய முனிவர்

மாட்டுங்கா விடுதியில் ஞாயிற்றுக்கிழமைக் காலை என்றால் ஆங்கில நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிரைச் சூழ்ந்து நாலைந்து பேர் உட்கார்ந்துவிடுவோம். நீண்ட சொற்கள் எப்படியோ வந்துவிடும். மூன்று கட்டச் சொல்தான் மூளையைக் குழப்பும். கடைசி எழுத்து ‘எக்ஸ்’ என்று தெரியும். பாக்ஸா, ஃபாக்ஸா, சிக்ஸா, மிக்ஸா? கையில் ஆங்கில அகராதி இருந்தும் பயனில்லை. முதலெழுத்து தெரிந்தவனுக்கே அது வழிகாட்டும். பின்னெழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு அதில் வாசல் இல்லை.

இதே தொல்லை தமிழ்ப் புலவனுக்கும் உண்டு. எதுகைக்காக அவன் தேடுவது இரண்டாம் எழுத்து ஒத்த சொல்லை. ‘கட்டு’ என்று ஓரடியைத் தொடங்கினால் அடுத்த அடிக்குப் ‘பட்டு’, ‘தட்டு’, ‘மட்டு’ என ஏதேனும் ஒன்று வேண்டும். ‘பாட்டு’ உதவாது, குறிலுக்குக் குறிலே வரவேண்டும். இந்தத் தேவைக்கென்றே 1732-ஆம் ஆண்டில் சொற்களைத் தொகுத்து வைத்தவர் ஓர் இத்தாலியர். அவர்தாம் வீரமாமுனிவர்.

கான்ஸ்டான்டைன் ஜோசப் பெஸ்கி என்பது அவரது இயற்பெயர். 1680 நவம்பர் 8-ஆம் நாள் வட இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710-இல் கோவாவில் வந்திறங்கி, அடுத்த ஆண்டு மதுரை மறைமாநிலத்தை அடைந்தார். நாம் ஐந்து வயதில் தொடங்கிய ‘அ, ஆ’வை அவர் முப்பது வயதுக்குமேல் தொடங்கினார். சுப்பிரதீபக் கவிராயர் அவருக்கு ஆசிரியராய் அமைந்தார் என்பது வழிவழிச் செய்தி.

அந்நாளில் தமிழில் சொற்பொருள் அறிய நிகண்டுகளே துணை. திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய யாவும் செய்யுளில் அமைந்தவை. மனப்பாடம் செய்தவனுக்கு அவை பொன். செய்யாதவனுக்குப் பூட்டிய பெட்டி. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி பலபொருட் சொற்களை எதுகை வரிசையில் வைத்திருக்கிறது என்பது உண்மையே. ஆயினும் அதையும் பாடம் பண்ணித்தான் பயன்பெற வேண்டும். திண்ணைப் பள்ளியில் பிள்ளைப் பருவத்தைக் கழிக்காத அயலானுக்கு அதற்கு நேரமேது?

பெஸ்கி பெட்டியைத் திறந்தார். சொற்களைச் செய்யுளிலிருந்து விடுவித்து, எழுத்து வரிசையில் நிறுத்தினார். இங்கே ஒரு நன்றியைச் சொல்லிவிட வேண்டும். அகராதிக்குத் தந்தை என்று இவர் ஒருவரையே நாம் கொண்டாடுகிறோம். இவருக்கு முன்பே, 1594-இல், சிதம்பரம் ரேவண சித்தர் முதலெழுத்து வரிசையில் அகராதி நிகண்டு பாடினார். வழி காட்டியவர் அவர். அந்த வழியை அடுத்தடுத்த எழுத்துகளுக்கும் நீட்டிச் சாலை போட்டவர் இவர்.

சாலை போடுவதிலும் ஓர் இடையூறு இருந்தது. பழைய ஓலையில் எகரக் குறிலுக்குப் புள்ளி உண்டு, நெடிலுக்கு இல்லை என்பது விதி. ஏட்டில் எழுதுவோரோ புள்ளியை விட்டுவிடுவர். ஆகவே நெருப்பாகிய எரியும் நீர் நிற்கும் ஏரியும் ஏட்டில் ஒரே உருவம்! ‘கொடு’, ‘கோடு’ என்பனவும் அப்படியே. தமிழ் தெரிந்தவன் இடம் நோக்கிப் படித்துக்கொள்வான். அகராதியில் தேடுபவனுக்கு இடமேது, பொருளேது? பொருள் தெரியாததால்தானே தேடவே வந்திருக்கிறான்! பெஸ்கி நெடிலுக்குத் தனி வடிவம் தந்தார். இன்று நாம் இடும் ஏகாரக் கொம்பின் மேற்சுழி அந்தத் திருத்தத்தின் பயன்.

நூலின் பெயர் சதுரகராதி. சதுர் என்றால் நான்கு. சொல்லுக்குப் பொருள் கூறுவது பெயரகராதி. ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் தருவது பொருளகராதி. மூவேந்தர், நாற்படை போன்ற தொகைகளை விரிப்பது தொகையகராதி. நான்காவதுதான் எதுகை தேடுவோர்க்கு உதவும் தொடையகராதி. முதல் மூன்றும் படிப்பவனுக்கு, நான்காவது எழுதுபவனுக்கு.

எழுதுபவனின் அல்லலை அவர் தம் அனுபவத்தால் அறிந்தவர். 1726-இல் 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடியவர் அல்லவா? அத்தனை பாடலுக்கும் எதுகை தேடிய கைதான், பிறகு வருவோர்க்கு அந்தத் தேடலை எளிதாக்கியது. இது என் ஊகமே. ஆனால் விருத்தம் ஒன்று எழுதிப் பார்த்த எவரும் ஒப்புவர்.

அவர் சமயம் பரப்ப வந்தவர். தரங்கம்பாடி லுத்தர் சபையாரைக் கடுமையாகத் தாக்கி நூல்கள் எழுதினார். வேடிக்கை என்னவென்றால், பேச்சுத் தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணத்தை 1738-இல் அச்சிட்டவர்கள் அதே தரங்கம்பாடியார்தாம்!

சதுரகராதிக்கு அந்தப் பேறு அவர் காலத்தில் கிட்டவில்லை. 1747-இல் அவர் மறைந்தபோது அது ஏட்டுச் சுவடியாகவே இருந்தது. படியெடுத்துப் படியெடுத்தே பரவி, 1824-இல் சென்னையில் முழுமையாக அச்சேறியது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதில் எரி ஓரிடத்திலும் ஏரி வேறிடத்திலும் இருக்கின்றன.