நட்சத்திரத்தின் இடத்தை ஆராய்ந்த இப்னுல் ஹைதம்

அடிவானத்தருகே நாம் காணும் நட்சத்திரம், நாம் காணும் அதே இடத்தில் இல்லை. இதனை ஆராய்ந்து விளக்கிய முன்னோடிகளுள் தலைசிறந்தவர் இப்னுல் ஹைதம் அவர்கள்.

ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) பஸரா நகரில் பிறந்தார்கள். நைல் நதியின் போக்கை ஒழுங்குபடுத்த வழியுண்டு என அவர்கள் கருதியதைக் கேள்வியுற்று, எகிப்தின் ஆட்சியாளர் அல்ஹாக்கிம் அவர்களை வரவழைத்தார். அஸ்வான் பக்கம் சென்று பார்த்தபின், அது ஆகாத காரியம் என உணர்ந்து, அதனை ஆட்சியாளரிடமே ஒப்புக்கொண்டார்கள். பின்னர் அவருடைய கோபத்துக்கு அஞ்சி, சித்தம் கலங்கியவர்போல நடித்து, 1021இல் அவர் மறையும்வரை வீட்டுக்காவலில் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அதன்பின் அல்அஸ்ஹர் பள்ளிவாசலருகே தங்கி, கணித நூல்களைப் பிரதியெடுத்த கூலியில் எளிமையாக வாழ்ந்தார்கள். 1040ஐ ஒட்டி கெய்ரோவில் வஃபாத்தானார்கள்.

அவர்களது பெருநூல் ஏழு பாகங்கள் கொண்ட கிதாபுல் மனாழிர். ஏழாம் பாகம் ஒளி வளைவதைப் பற்றியது. ஹவுளின் அடிப்படி, தண்ணீருக்குள் சற்று மேலெழுந்து தெரிவதை ஒளுச் செய்யும்போது நாம் பார்த்திருக்கிறோம். நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி வளைவதே காரணம். அதுபோலவே வானிலிருந்து காற்று மண்டலத்துள் நுழையும் ஒளியும் வளைகிறது. கண்ணோ ஒளி நேராக வந்ததாகவே கொள்கிறது. ஆகவே நட்சத்திரம் உண்மை இடத்தைவிட உயரத்தில் தெரிகிறது. தாலமியும் இதனைப் பேசியிருந்தார். ஆனால் இப்னுல் ஹைதம் அவர்கள் சோதிக்கும் முறையையும் கூறினார்கள்: ஒரு நட்சத்திரம் உதிக்கும்போதும் உச்சிக்கு வரும்போதும் வடதுருவத்திலிருந்து அதன் தூரத்தை அளந்தால், இரண்டும் ஒன்றாக இராது. உதிக்கும்போது தூரம் குறைந்திருக்கும்.

தலைக்கு நேர்மேலே இந்த வேறுபாடு இல்லை. அடிவானத்தில் அது அரைப் பாகையைச் சற்றுத் தாண்டும். சூரியனின் அகலமே ஏறத்தாழ அவ்வளவுதான். ஆகவே மேலூர், திருமங்கலம் வயல்வெளிகளில் நின்று சூரியனின் கடைசி விளிம்பைக் காணும்போது, அது இரண்டு நிமிடங்களுக்கு முன்பே கீழிறங்கிவிட்டது!

அப்படியானால் மக்ரிபுக்கு எது கணக்கு? கண்ணுக்குச் சூரியன் மறைவதே கணக்கு. நேர அட்டவணை கணிப்போரும் காற்றின் இவ்வளைவைச் சேர்த்தே கணிக்கின்றனர். ஆனால் மதுரையிலிருந்து பார்க்கையில் நாகமலைக்குப் பின்னே சூரியன் ஒளிவது மறைவு ஆகாது. அதை நம்பி நோன்பு திறந்துவிடக் கூடாது.

முன்னோர் நூலாயினும் சோதித்தே ஏற்க வேண்டும் என்று தாலமியின் கருத்துகளையே கேள்விக்குள்ளாக்கி நூல் எழுதியவர்கள் அவர்கள். அந்த நேர்மையை நமக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக.