கைவிளக்கேந்திய காரிகையின் கணக்கு நோட்டு

போன லீவுல குறிஞ்சிப்பாடி பெரியப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன். பார்க்கப் போனோம். இதய ஐசியூ வாசல்லயே நர்ஸ் அக்கா நிறுத்திட்டாங்க. ஒருத்தர்தான் உள்ளே போகலாம், அதுவும் சோப்பு போட்டுக் கை கழுவிட்டு. எங்களுக்குச் செம கோபம். அந்தக் கண்டிப்பு எங்கே ஆரம்பிச்சதுன்னு அப்புறமா தேடினேன். கிடைச்சது நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர் கதைதான்: ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல்.

1820 மே 12-ல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் பிறந்தார். வசதியான ஆங்கிலேயக் குடும்பம். சின்ன வயசிலேயே கணக்குன்னா உயிர். நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் பயங்கர எதிர்ப்பு. அந்தக் காலத்தில் அது மதிப்பான வேலை இல்லை. பல வருஷம் போராடித்தான் ஜெயித்தார்.

1854-ல் கிரிமியப் போர். 38 பெண்களோடு, இன்றைய இஸ்தான்புல்லில் உள்ள ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அங்கே காயத்தால் செத்தவர்களைவிட நோயால் செத்தவர்களே அதிகம். துணி, சாப்பாடு, படுக்கை எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினார். ராத்திரி விளக்கோடு சுற்றி வந்தார். ஆனாலும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் இறப்பு விகிதம் 42 சதவீதம்!

மார்ச்சில் லண்டனிலிருந்து சுகாதாரக் குழு வந்தது. கட்டிடத்துக்கு அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடையைச் சுத்தம் செய்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது. காற்று வர வழி செய்தது. ஜூனில் இறப்பு விகிதம் சுமார் 2 சதவீதம்.

நான் ஸ்கூல்ல படிக்காத பகுதி இனிமேல்தான். சிப்பாய்கள் பட்டினியிலும் களைப்பிலும் நொந்துபோய் வந்ததால்தான் செத்தார்கள் என்று முதலில் அவர் நம்பினார். ஊர் திரும்பி, வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் நிபுணரோடு உட்கார்ந்து கணக்கு போட்டபோது எண்கள் வேறு கதை சொல்லின. மருத்துவமனையின் அசுத்தமே ஆளைக் கொன்றிருக்கிறது. அதுவும் அவர் வேலை பார்த்த அதே மருத்துவமனை. நாடே கொண்டாடிய நேரம், மூடி மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. யார் பார்த்தாலும் புரியும்படி வட்ட வரைபடமாகப் போட்டு 1858-ல் வெளியிட்டார். நாம லேப் ரெக்கார்டில் ரீடிங்கை 'அட்ஜஸ்ட்' பண்றதை நினைச்சுப் பாருங்க!

இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனால் இங்குள்ள ராணுவ முகாம்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, தண்ணீர், சாக்கடை விவரம் எல்லாம் வாங்கி அலசினார். இங்கே பிரிட்டிஷ் சிப்பாய்கள் வருஷத்துக்கு 1000 பேரில் 69 பேர் செத்துக்கொண்டிருந்ததை 1863 அறிக்கை காட்டியது. பெரும்பாலும் தடுக்கக்கூடிய நோய்கள்.

1860-ல் லண்டனில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். கிருமிக் கொள்கை நிலைபெறாத காலம் அது. அவரே அதை ரொம்ப நாள் நம்பவில்லை. இருந்தும், நர்ஸ் அடிக்கடி கை கழுவணும் என்று எழுதி வைத்தார். 1910 ஆகஸ்ட் 13-ல், 90 வயதில் மறைந்தார்.

இன்றைய இதய ஐசியூவில் கிருமி நுழைய வழிகள் நிறைய: கழுத்தில் போட்ட லைன், வென்டிலேட்டர் குழாய், சிறுநீர்க் குழாய், நெஞ்சில் தையல். அதனால்தான் நர்ஸ்கள் நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கை சுத்தம் செய்கிறார்கள். தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்கிறார்கள். இந்தக் குழாய் இன்னும் தேவையா என்று தினமும் பார்க்கிறார்கள். எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்று கணக்கும் எழுதுகிறார்கள்.

பெரியப்பா நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டார். அந்த அக்காவுக்குத்தான் ஒரு நன்றி பாக்கி.