ஹள்ரத் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி)

கண் தெரியாதவர் ஒருவர் தெருவில் சென்றால், அவருடைய பெயர் தெரிந்திருந்தும் அதை விட்டுவிட்டுக் குறையையே பெயராக்கி அழைப்போர் நம்மிடையே உண்டு. பட்டப்பெயர் சூட்டுவதைத் திருமறையின் 49ஆம் அத்தியாயம் 11ஆம் வசனம் தடுத்திருக்க, இந்த வழக்கம் முஸ்லிம் வீடுகளிலும் எப்படி நுழைந்ததோ! நபித்தோழர் ஒருவரின் வரலாற்றை இங்கே நினைவுகூர்வது பொருத்தம்.

ஹள்ரத் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கண்பார்வை அற்றவர்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் தாய்மாமன் மகன். மக்காவில் தொடக்கத்திலேயே இஸ்லாத்தைத் தழுவியவர்களுள் ஒருவர்.

ஒருநாள் பெருமானார் (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களுக்கு மார்க்கத்தை எடுத்துரைத்துக் கொண்டிருந்தார்கள். அவ்வேளை அன்னார் வந்து, தமக்குக் கற்றுத் தருமாறு கேட்டார்கள். தலைவர்கள் மனம் மாறலாம் என்ற ஆவலில் இருந்த நபியவர்களின் திருமுகம் சற்றே சுளித்தது, திரும்பிக் கொண்டார்கள். கடுஞ்சொல் எதுவும் கூறவில்லை. வந்தவரோ அந்த முகத்தைக் காண இயலாதவர். ஆயினும் வானிலிருந்து வஹீ இறங்கியது. அதுவே 80ஆம் அத்தியாயமான ‘அபஸ’. கேட்பவருக்குத் தெரியாத முகக்குறிப்புக்கே இத்தனை கணக்கென்றால், காதில் விழும்படி நாம் சொல்லும் சொற்களுக்கு என்ன கணக்கு? அவர் பார்வையற்றவர் என அங்கே குறிப்பிடப்படுவதும் இழிவுக்காக அன்று; இடையில் பேசியதற்கு அவருக்குக் காரணம் இருந்தது, கூடுதல் பரிவுக்கு அவர் உரியவர் என்பதை உணர்த்தவே என்பது விரிவுரையாளர் சிலரின் கருத்து. அதன்பின் அவர் வரும்போதெல்லாம் நபியவர்கள் அன்புடன் வரவேற்று, தேவை என்னவென்று விசாரிப்பார்கள் எனத் தஃப்ஸீர்களில் காண்கிறோம்.

ஹிஜ்ரத்துக்கு முன்பே முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களுடன் மதீனாவில் குர்ஆன் கற்பித்தவர்களும் இவர்களே. பின்னர் பிலால் (ரலி) அவர்களுடன் முஅத்தினாகவும் இருந்தார்கள். ரமளானில் பிலால் (ரலி) இரவிலேயே பாங்கு சொல்வார்கள். அப்போது ஸஹர் உணவை நிறுத்த வேண்டியதில்லை. இவர்களின் பாங்கு கேட்ட பிறகே நிறுத்த வேண்டும். விடியலைக் காணமுடியாதவருக்கு விடிந்ததை மக்கள் அறிவிப்பார்கள். அவர் குரலைக் கேட்டு மதீனா முழுதும் நோன்பு தொடங்கும். எத்தகைய கண்ணியம்!

போருக்குச் செல்வோரின் சிறப்பைக் கூறும் வசனம் இறங்கியபோது, தம்மால் இயலாதே என்று வருந்தினார்கள். உடனே, இயலாமை உடையோர் நீங்கலாக என்னும் பொருள்படும் சொற்றொடர் அதில் இறங்கியது (4:95). நபியவர்கள் பயணம் சென்ற வேளைகளில் பலமுறை மதீனாவில் அவர்களின் பிரதிநிதியாக இருந்து, கண்ணுள்ள மக்களுக்கு இமாமாக நின்று தொழ வைத்தார்கள்.

சலுகை இருந்தும் வீட்டில் தங்கவில்லை. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், கி.பி. 636 வாக்கில் நடந்த காதிஸிய்யாப் போரில் கவச உடை அணிந்து, கறுப்புக் கொடி ஏந்தி நின்றார்கள். அங்கேயே ஷஹீதானார்கள் என்பர் சிலர்; மதீனா திரும்பிய பின் வஃபாத்தானார்கள் என்பர் வேறு சிலர்.