ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் (ஏறத்தாழ 1864 - ஜனவரி 5, 1943) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த வேளாண் அறிவியலாளரும் ஆசிரியரும் ஆவார். நிலக்கடலை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, காராமணி ஆகியவற்றை ஏழை உழவர்களின் உணவாகவும் அன்றாடப் பயன்பாட்டுப் பொருள்களாகவும் ஆக்கும் முறைகளைப் பரப்பியமைக்காக இவர் அறியப்படுகிறார்.

இளமை

மிசூரி மாநிலத்தின் டயமண்ட் என்னும் ஊரருகே, மோசஸ் கார்வரின் பண்ணையில் அடிமைப் பெண் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோது கொள்ளையர் இவரையும் தாயையும் கடத்திச் சென்றனர். குழந்தை மட்டுமே மீட்கப்பட்டது. அடிமைமுறை ஒழிந்தபின் மோசஸ் கார்வரும் அவர் மனைவி சூசனும் இவரை வளர்த்தனர்.

கல்வி

கான்சஸ் மாநிலத்திலிருந்த கல்லூரி ஒன்று முதலில் இவருக்கு இடமளித்து, கறுப்பினத்தவர் என அறிந்ததும் மறுத்துவிட்டது. 1890 இல் அயோவாவின் சிம்ப்சன் கல்லூரியில் ஓவியமும் இசையும் பயின்றார். 1891 இல் அயோவா மாநில வேளாண் கல்லூரியின் முதல் கறுப்பின மாணவராகச் சேர்ந்து, 1894 இல் இளநிலைப் பட்டமும் 1896 இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

டஸ்கீகியில் பணி

1896 இல் புக்கர் டி. வாஷிங்டனின் அழைப்பை ஏற்று, அலபாமாவிலுள்ள டஸ்கீகி கல்வி நிறுவனத்தின் வேளாண்மைத் துறைத் தலைவரானார். இறக்கும் வரை அங்கேயே பணியாற்றினார். தொடர்ந்து பருத்தியே பயிரிடப்பட்டதால் அப்பகுதி நிலம் வளமிழந்திருந்தது. குத்தகை உழவர்கள் கடனில் மூழ்கியிருந்தனர். நிலக்கடலை, காராமணி போன்ற அவரையினப் பயிர்களின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்துகின்றன. எனவே அவற்றைப் பருத்தியுடன் மாற்றி மாற்றிப் பயிரிடுமாறு கார்வர் அறிவுறுத்தினார்.

விளைந்தவற்றை வீட்டிலேயே பயன்படுத்தும் வழிகளை எளிய நடையில் சிறு வெளியீடுகளாக எழுதினார். 1916 இல் வெளிவந்த ஒன்று, நிலக்கடலையைச் சமைக்கும் 105 முறைகளைக் கூறுகிறது. பள்ளிக்கு வர இயலாத உழவர்களுக்காக, 1906 முதல் கருவிகளும் விதைகளும் ஏற்றிய குதிரை வண்டி ஒன்று ஊர்தோறும் அனுப்பப்பட்டது.

புகழும் மதிப்பீடும்

1921 இல், இறக்குமதியாகும் நிலக்கடலைக்கு வரி விதிப்பது குறித்து அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின்முன் பேசினார். அவருக்கு ஒதுக்கப்பட்ட 10 நிமிடங்கள் பலமுறை நீட்டிக்கப்பட்டன. இந்நிகழ்வு அவரை நாடறியச் செய்தது. 1923 இல் ஸ்பிங்கார்ன் பதக்கம் பெற்றார்.

நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் இவரே என்பது பரவலான தவறான கருத்தாகும். அதற்கான காப்புரிமம் ஒன்று 1884 இல் பிறரால் பெறப்பட்டது; மற்றொன்றுக்கு 1895 இல் விண்ணப்பிக்கப்பட்டது. கார்வர் பெற்ற காப்புரிமங்கள் மூன்று மட்டுமே. அவை ஒப்பனைப் பொருள், வண்ணப்பூச்சு ஆகியவை தொடர்பானவை. நிலக்கடலையிலிருந்து அவர் உருவாக்கியதாகக் கூறப்படும் ஏறத்தாழ 300 பொருள்களில் மிகச் சிலவே விற்பனைக்கு வந்தன. வறிய உழவர் தம் நிலத்தின் விளைவைக் கொண்டே உண்ணவும் நிலவளத்தை மீட்கவும் வழிகாட்டியதே இவரது தலையாய பங்களிப்பாகும்.

மறைவு

திருமணம் செய்துகொள்ளாத கார்வர், தம் சேமிப்பை வேளாண் ஆய்வுக்கென நிறுவிய அறக்கட்டளைக்கு அளித்தார். டஸ்கீகியில் புக்கர் டி. வாஷிங்டனின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். 1943 இல் இவர் பிறந்த பண்ணை தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது.